மூணு மாசம் போகட்டும்

அவர் என்னோடு முதன்முதலாகப் பேசியபோது என் தொண்டைக்குழிக்கு மேலே அவருடைய சவரக்கத்தி இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் கீறிவிடும். கப்பலில் புதிதாக வந்தவர்களுக்குப் புத்தி சொல்ல அவர் பார்த்து வைத்திருந்த நேரம் அதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

“கப்பலை விட்டு இறங்கி எத்தனை நாளாச்சு தம்பி? பேசாதே. விரலைக் காட்டு.”

நான்கு விரல்களைக் காட்டினேன்.

“நாலு நாளா. சரி. இங்கே முதல் காரியம், நீ என்னை அண்ணேன்னு கூப்பிடணும். ஊர்ல எப்படிக் கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியும். உங்க வீட்டுக் கொல்லைப்பக்கமா வந்து, தரையில குந்தி, உங்க அப்பாவுக்கு வழிச்சிருப்பேன். இங்கே நீ என் கடைக்கு வந்திருக்கே. அதனால அண்ணே. இப்போ சொல்லாதே. கத்தியை எடுத்தப்புறம் சொல்லு.”

கத்தி விலகியதும் “அண்ணே” என்றேன். என் அப்பா எங்கள் ஊர் சவரத் தொழிலாளியைக் கூப்பிடும் சொல் ஒரு கணம் நாக்கில் வந்து நின்றதை மறைக்கப் போவதில்லை. அதை விழுங்கிவிட்டு இதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அவர் அந்த நேரத்தையும் கவனித்தார். “பரவாயில்லை, சீக்கிரமாவே சொல்லிட்டே. சில பேருக்கு ரெண்டு சவரம் ஆகும்” என்றார்.

அப்போது அவருக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். ஆனால் நரைத்த மீசைக்காரர்கள்கூட அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்துக் கோப்பிக் கடைச் சீன முதலாளி தவுக்கேயும் “அண்ணே” என்பார், கடைசி எழுத்தை ஒரு முழம் இழுத்து. அவருக்கு வேறு பெயர் உண்டு என்பதே பிரிக்பீல்ட்ஸில் யாருக்கும் நினைவில்லை. அவருக்காகக் கடிதம் எழுதப் போய் எனக்கு மட்டும் அந்தப் பெயர் தெரியவந்தது. “அது அந்த ஊர்ப் பேரு தம்பி. இங்கே எடுக்காதே” என்றார். இங்கேயும் எடுக்கவில்லை.

கடை, ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை முடியும் இடத்தில் இருந்தது. தகரக் கூரை, மூலையில் கீறல் விழுந்த ஒரு கண்ணாடி, யாரோ கழித்துப் போட்ட ரயில் பெட்டி இருக்கையில் கால் பொருத்திய நாற்காலி. கத்தி, கத்தரிக்கோல், சாணைக்கல் எல்லாம் ஊரிலிருந்து கொண்டுவந்த தோல் அடைப்பத்தில் இருக்கும். துறைமுகத்திலிருந்து வருகிற ரயிலில் இறங்கும் தமிழர்களில் பாதிப் பேர், ஒரு வாரத் தாடியோடு, நேரே அந்த நாற்காலிக்குத்தான் வருவார்கள்.

அவர் சொல்லும் புத்திகளில் பல நல்லவை. பச்சைத் தண்ணீர் குடிக்காதே. கொதிக்க வைக்க வழியில்லை என்றால் தவுக்கே கடையில் தேநீர் குடி. சட்டைக்கிழிசலைத் தைக்கும் முன்னால் கொசுவலைக் கிழிசலைத் தை. காலையில் வெயிலுக்கென்று குடையை எடு, சாயங்காலம் மழைக்கு விரிக்கலாம். மலாய்க்காரர்களுக்கு வழி காட்டும்போது ஆள்காட்டி விரலை நீட்டாதே, கட்டைவிரலால் காட்டு. கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், யாராவது பலகாரம் கொடுத்து உனக்கு வேண்டாம் என்றால், வாயால் மறுக்காதே. தட்டைத் தொட்டு அந்தக் கையை நெஞ்சில் வை. கப்பலில் திரும்பிப் போகிறவர்களுக்கும் ஒன்று வைத்திருந்தார்: மேல்தளத்தில் புகைபோக்கிப் பக்கம் படுக்காதே, கரியும் சூடும் ஆளைச் சுருட்டிவிடும்.

சில புத்திகள் சந்தேகமானவை. மூன்று மாதம் ஆகும்வரை டுரியான் பழத்தைத் தொடக்கூடாது, தொட்டால் சூடு தலைக்கேறி ரத்தம் கெட்டுப்போகும் என்பார். எங்கள் ஆபீஸ் யாழ்ப்பாணத்துப் பெரிய கிளார்க் அதைக் கேட்டுச் சிரித்தார். “உந்தாள் வந்து பதினாலு வருஷமாம். தானே இன்னும் ஒரு சுளை தின்னேல்லை. பிறகென்ன கதை?”

நான் போய் அவரிடமே கேட்டேன். “நீங்க ஏண்ணே இன்னும் சாப்பிடலை?”

“எனக்கு இன்னும் மூணு மாசம் ஆகலை” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

இந்த மூன்று மாதக் கணக்குத்தான் அவருடைய எல்லாப் புத்திக்கும் அடிப்படை. நான் வந்தபோது குடுமி வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துப் படித்தவன் நான். அப்பா வெற்றிலைக் கொடிக்காலில் கூலி. சரக்கு ஆபீஸில் தற்காலிகக் கிளார்க் வேலை கிடைத்து, கோட்டு மாட்டிக்கொண்டு, அதற்கு மேலே குடுமியோடு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து மேஜைக்காரர் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, “இது மணி அடிக்கிற கயிறா? இழுத்தா பியூன் வருவானா?” என்பார். இரண்டாம் வாரமே கிராப் வெட்டிக்கொள்வதென்று முடிவு செய்து அவர் கடைக்குப் போனேன்.

“மாட்டேன்” என்றார்.

“ஏண்ணே? காசு கொடுக்கிறேனே.”

“முதல் மாசம் எல்லாமே புதுசு. எதைப் பார்த்தாலும் வாயைப் பிளப்பே. ரெண்டாம் மாசம் காய்ச்சல் வரும். எதைப் பார்த்தாலும் அழுவே. மூணாம் மாசம்தான் நீ நீயா இருப்பே. அப்போ வா. இருக்கப் போறியா, போகப் போறியான்னு நானே கேப்பேன். இருக்கேன்னா வெட்டுறேன். போறேன்னா வந்த தலையோட போ. வெட்டிக்கிட்டுப் போய் வாசல்ல நின்னா உங்க அம்மாவுக்கு நீ யாருன்னு சொல்லணும்.”

செந்தூலுக்குப் போனால் வேறு கடையில் கேட்காமல் வெட்டிவிடுவார்கள். ஏனோ போகவில்லை.

இரண்டாம் மாதம் காய்ச்சல் வந்தது. தவறவேயில்லை. அறையில் கூட இருந்தவர்கள் வேலைக்குப் போனபிறகு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்த ஊர் வேண்டாம், வேலை வேண்டாம், கொடிக்காலிலேயே கூலிக்கு வருகிறேன், மன்னித்துவிடுங்கள் என்று நான்கு பக்கம். மத்தியானம் அவர் கஞ்சிப் பானையும் கொய்னா மாத்திரையும் எடுத்துக்கொண்டு வந்தார். கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் கழித்துக் கடைக்குப் போனேன். அடைப்பத்தைத் திறந்து, சாணைக்கல்லுக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். “எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா காய்ச்சல் கடுதாசி கைக்கே தெரியும், கனமா இருக்கும். இப்போ நீ படிச்சுப் பாரு. அனுப்பணும்னா நானே போடுறேன்.”

படித்தேன். இரண்டாம் பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை. கிழித்துத் தவுக்கே அடுப்பில் போட்டேன். மூன்றாம் மாதம் முடிந்த அன்று அவரே கேட்டார், நான் இருக்கிறேன் என்றேன், வெட்டினார். வெட்டும் முன்னால் வழக்கம்போல, “மிந்தா மாப்” என்றார்.

இதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. மலாய்க்காரர்களுக்குத் தலை மரியாதைக்குரிய இடம். பிறர் தலையில் கை வைப்பதென்றால் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர்கள் பாஷையில் ‘மிந்தா மாப்’ என்றால் அதுதான். ஒரு மலாய்ப் போலீஸ்காரர் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தாராம். அன்றிலிருந்து எந்தத் தலையானாலும், தமிழனோ சீனனோ, தொடும் முன் அதைச் சொல்லாமல் தொட்டதில்லை. “ஊர்ல எத்தனை தலை தொட்டேன். ஒருத்தன்கிட்டயும் கேட்டதில்லை. ஒருத்தனும் என்னைக் கேட்டதில்லை. கேட்டுட்டுத் தொட்டா கை நடுங்காது தம்பி.”

என் குடுமியை வெட்டிக் காகிதத்தில் பொதிந்து கொடுத்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் எப்போதும் தலையில் ஒரு கறுப்புத் துணித் தொப்பி வைத்திருப்பார். அன்று வியர்வை துடைக்க அதைக் கழற்றினார். உள்ளே, இறுக்கி முடிந்த, கறுகறுவென்று, என்னுடையதைவிட இரண்டு மடங்கு தடிமனான குடுமி.

“அண்ணே, நீங்க இன்னும்...”

“தொப்பியைக் குடு” என்றார்.

காரணத்தை அந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். ஆண்டுக்கொரு முறை ஊரில் இருக்கும் மனைவிக்குக் கடிதம் போடுவார். இதுவரை எழுதிக்கொடுத்தவர் ஈப்போவுக்கு மாற்றலாகிப் போய்விட்டதால் என்னைக் கூப்பிட்டார். க்ஷேமம், க்ஷேமத்துக்கு எழுதவும் என்று தொடங்கி, நடுவில் சொன்னார்: “வர்ற தையில கட்டாயம் வர்றேன்னு எழுது.”

என் எழுதுகோல் நின்றுவிட்டது. வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது வருகிறேன் என்று எழுதலாம், எப்போது என்று எழுதக்கூடாது, அங்கே ஒருத்தர் நாளை எண்ணிக்கொண்டு வாசலில் நிற்பார் என்பது அவர் எல்லோருக்கும் சொல்லும் புத்தி. “நீங்கதானேண்ணே மாசம் எழுதக்கூடாதுன்னு சொன்னீங்க?”

“அது மத்தவனுக்கு.”

எழுதினேன். மறுவருஷமும் அதே தை. அதற்கடுத்த வருஷம் எழுத உட்கார்ந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டேன். நீங்கள் போகவே இல்லை, அவர்களையும் வரச் சொல்லவில்லை, இது என்ன வழக்கம் என்று. அவர் தோல்வாரில் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார். அந்த அம்மாளின் தாயார் படுக்கையில். விட்டுவிட்டு வர முடியாது. கடல் என்றாலும் பயம். இவர் புறப்பட்ட அன்று, இந்தத் தலையோடு திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

“அப்போ போங்களேன்.”

“போனா மறுபடியும் கொல்லைப்பக்கம். போகலேன்னா அவ இல்லை. ரெண்டுக்கும் நடுவுல இந்த முடி நிக்குது. எழுது, உடம்பைப் பார்த்துக்கோன்னு எழுதி முடி.”

அன்று நான் செய்தது தவறு. கடிதம் எழுதிக்கொடுப்பவன் சொன்னதை எழுதவேண்டும், சொல்லாததை எழுதக்கூடாது. நானோ படித்தவன் என்கிற நினைப்பில், உறை ஒட்டும் முன் அடியில் இருந்த இடத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ‘அவர் குடுமியை இன்னும் எடுக்கவில்லை. எங்கள் தெருவில் எடுக்காமல் இருப்பவர் அவர் ஒருவர்தான்.’

இரண்டரை மாதம் கழித்துப் பதில் வந்தது. வழக்கமாக அவருக்குப் பதில் வருவதில்லை. கடையிலே வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். ஊர் வாத்தியார் கையெழுத்து. நான் உரக்கப் படிக்கத் தொடங்கி, இரண்டாவது வரியிலேயே என்ன வரப்போகிறது என்பதைப் பார்த்துவிட்டேன். தாண்டிப் படித்திருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. தாண்டவில்லை.

‘என் தாயார் காலமாகி வருஷம் திரும்பிவிட்டது. முடியை அப்படியே வைத்திருக்கிறீர்கள் என்று கடைசி வரியில் கண்டேன். இத்தனை வருஷமாகத் தையில் வருகிறேன் என்று எழுதினீர்கள். அதை நான் நம்பவில்லை. இதை நம்புகிறேன். நாகப்பட்டினத்தில் அடுத்த கப்பல் ஏறுகிறேன்.’

“கடைசி வரி உடம்பைப் பார்த்துக்கோன்னுல்ல இருந்துச்சு?” என்றார்.

“அதுக்குக் கீழே நான் ஒண்ணு சேர்த்தேண்ணே.”

கத்தியை எடுத்துத் தோல்வாரில் தீட்டினார். முன்னும் பின்னுமாக, வெகுநேரம். பிறகு, “உட்காரு. தாடி வளர்ந்திருக்கு” என்றார். நான் முதல் நாள்தான் வழித்திருந்தேன். உட்கார்ந்தேன். ‘மிந்தா மாப்’ சொன்னார். அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை. அவர் பேசாமல் சவரம் செய்தது அந்த ஒருமுறைதான். அவர் கையில் கத்தியைப் பார்த்து நான் பயந்ததும் அந்த ஒருமுறைதான். கன்னத்தைத் துண்டால் ஒற்றி எடுத்தபிறகு மெல்லச் சொன்னார்:

“புகைபோக்கிப் பக்கம் படுத்துடுவாளே தம்பி. யாரு சொல்லுவா அவளுக்கு?”

அடுத்த இரண்டு வாரம் அவர் எல்லோரிடமும் புத்தி கேட்டுக்கொண்டு திரிந்தார். தவுக்கேயின் மனைவியிடம், பெண்டாட்டி வந்தால் முதல் நாள் என்ன சமைத்துப் போடுவது என்று கேட்டார். பாசாரில் செருப்புக்காரனிடம் அரைமணி நேரம் நின்று, கடைசியில் சின்னதும் பெரியதுமாக இரண்டு ஜோடி வாங்கி வந்தார். மனைவியின் பாதம் எவ்வளவு என்று அவருக்கு நினைவில்லை.

கப்பலில் வந்தவர்களைத் துறைமுகத்துக்குப் பக்கத்து முகாமில் ஒரு வாரம் நிறுத்தி, அம்மை குத்தி, துணிகளை ஆவியில் போட்டெடுத்துத்தான் வெளியே விடுவார்கள். அந்த அம்மாளை வெளியே விடும் நாளில் நானும் கூடப் போனேன். கிள்ளானைத் தாண்டி ரயில் துறைமுகமான போர்ட் ஸ்வெட்டன்ஹாமை நெருங்கும்போது அவர் இரண்டு ஜோடிச் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவன் போல உதட்டை அசைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டியவற்றை மனப்பாடம் செய்கிறார் என்று புரிந்தது.

ஆவியில் சுருங்கிய புடவையும் ஒரு தகரப் பெட்டியுமாக அந்த அம்மாள் வெளியே வந்தார். இவரைவிட அரை விரல்கடை உயரம். இருவரும் நாலடி தள்ளியே நின்றுகொண்டார்கள்.

“வந்துட்டியா” என்றார்.

“வந்துட்டேன்.”

குடையை விரித்து நீட்டினார். “வெயில்ல நிக்காதே. இந்த ஊர் வெயிலு...”

“காலையில வெயிலுக்கு, சாயங்காலம் மழைக்கு. தெரியும்.”

“தாகம்னு பச்சைத் தண்ணியை...”

“கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும். இல்லேன்னா தேத்தண்ணி.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “யாருக்காவது வழி காட்டினா...” என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் கையை மடக்கிக் கட்டைவிரலை மட்டும் நீட்டிக் காட்டினார்.

“உனக்கு யாரு சொன்னா?”

“கப்பல்ல ஒரு அக்கா. ஊருக்கு வந்துட்டுத் திரும்புறவங்க, பந்திங்னு இங்கே ஒரு ஊராம். நான் புகைபோக்கிக்கிட்டப் பாயைப் போட்டேன். தரதரன்னு இழுத்து இந்தப் பக்கம் போட்டாங்க. பிரிக்பீல்ட்ஸ்ல யாரோ ஒரு அண்ணே இருக்காராம். புதுசா வர்றவங்களுக்கெல்லாம் சொல்லுவாராம். அந்தப் புண்ணியவானை விசாரிச்சு ஒரு கும்பிடு போடணும்.”

நான் வாயைத் திறந்தேன். அவர் என் காலை மிதித்தார்.

மறைக்க நினைத்தது பிரிக்பீல்ட்ஸ் வரைதான் செல்லுபடியாயிற்று. கடை முனையில் திரும்பியதும் தவுக்கே அடுப்படியிலிருந்தே, “அண்ணே, பினி சுடா சம்பாய்?” என்று மலாயில் கேட்டார், பெண்டாட்டி வந்தாயிற்றா என்று. ரிக்ஷாக்காரன் அண்ணே என்றான். குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து ஒரு குரல் அண்ணே என்றது. அந்த அம்மாள் நின்றுவிட்டார்.

“நீங்கதானா அது.”

அவர் தரையைப் பார்த்தார். அந்த அம்மாள் கை நீட்டித் தொப்பியை எடுத்து, குடுமியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடியும் வைத்தார்.

“அப்போ அந்த அக்கா சொன்ன உங்க மூணு மாசக் கணக்கு எனக்கும் உண்டுதானே. மூணு மாசம் பாக்குறேன். இந்த ஊரு ஒத்து வந்தா இருக்கேன். ஒத்து வரலேன்னா ஊருக்குப் போறேன், நீங்களும் என்கூட வர்றீங்க. இனிமே தை மாசம்னு கதை சொல்லக்கூடாது. அதுவரைக்கும் அந்த முடியில யாரும் கை வைக்கப்படாது.”

“சரி” என்றார். வேறென்ன சொல்ல முடியும். ஊருக்குப் போனால் மறுபடி கொல்லைப்பக்கம், தரை, அந்தப் பெயர். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒருவேளை அந்த அம்மாளுக்கும் தெரிந்திருக்கும்.

முதல் மாதம் நன்றாகப் போயிற்று. பெரிய செருப்புத்தான் சரியாக இருந்தது. குவார்ட்டர்ஸில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டபோது அந்த அம்மாள் போய்ப் பிரசவம் பார்த்தார். ஊரில் அவர்கள் குடும்பத்துப் பெண்களின் குலத்தொழில் அது. பெற்றவள் வீட்டார் முன்வாசல் வழியாக அழைத்துப் போய், நாற்காலி போட்டு, கோப்பி கொடுத்தார்களாம். மறுநாளிலிருந்து தெருவுக்கே அண்ணி. அண்ணன் அதைக் கேட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் மாதம் காய்ச்சல் வந்தது.

மூன்றாம் நாள், ஆபீஸ் முடிந்து வரும்போது அவர் வேகவேகமாக ஸ்டேஷன் பக்கம் போவதைப் பார்த்தேன். கடை சாத்தியிருந்தது. குடை எடுக்கவில்லை, மழை வரப்போகிற வானம்.

“எங்கேண்ணே?”

“கப்பல் ஏஜெண்டைப் பார்க்க. ஊருக்குப் போகணும்னு அழுவுறா. பெட்டியெல்லாம் கட்டிட்டேன்.”

“அண்ணே, இது ரெண்டாம் மாசம்.”

“தெரியும்.”

“காய்ச்சல்ல சொல்றதை எடுத்துக்கக்கூடாதுன்னு நீங்கதானே... என் கடுதாசியை ஒன்பது நாள் சாணைக்கல்லுக்கு அடியில வெச்சிருந்தீங்க.”

“அது மத்தவனுக்குடா” என்றார். “அவ எனக்கு மத்தவளா? பதினேழு வருஷமா அவ ஒண்ணும் கேக்கலை. இப்போ வாயைத் திறந்து ஒண்ணு கேக்குறா. அதையும் காய்ச்சல்னு சொல்லித் தள்ளச் சொல்றியா?”

கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. மழை பிடித்தது. என் குடையில் இருவரும் நின்றோம். அவருக்குப் பாதி, எனக்குப் பாதி, இருவரும் நனைந்தோம். மழை விடுவதற்குள் ஏஜெண்டு ஆபீஸ் மூடும் நேரம் ஆகிவிட்டது. திரும்பி நடந்தோம்.

ஐந்தாறு நாளில் காய்ச்சல் விட்டது. நான் பார்க்கப் போனபோது அண்ணி சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். “ஏன் தம்பி, என் சேலையெல்லாம் பெட்டிக்குள்ள மடிச்சுக் கட்டியிருக்கே, யாரு செஞ்ச வேலை?”

“பூச்சி அரிக்காம இருக்கட்டும்னு” என்றார் அண்ணன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அண்ணி கஞ்சியைக் குடித்து முடித்தார். சேலைகளை எடுத்துக் கொடியில் போடவில்லை. பெட்டி கட்டியபடியே மூலையில் இருந்தது. மூன்றாம் மாதம் முழுவதும் இருந்தது.

அந்த மாதம் அவர் புத்தி சொல்வதை நிறுத்திவிட்டார். கப்பலில் வந்து ஐந்தே நாளான ஒருவன் குடுமியைக் காட்டி, வெட்டிவிடுங்கள் என்றான். நான் காத்திருந்தேன். “உன் இஷ்டம்” என்று கத்தரியை எடுத்தார். எனக்கு மனம் கேட்காமல், “தம்பி, மூணு மாசம் போகட்டும்” என்று அவனை எழுப்பி அனுப்பினேன். அவர் தடுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கண்ணாடியில் மூலைக் கீறலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணியிடம் என்ன முடிவு என்று கேட்க அவருக்குத் துணிவில்லை. மூணாம் மாசம் நானே கேட்பேன் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர்.

மூன்று மாதக் கெடு முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையில். காலையில் கடைக்குப் போவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டே போனேன். தெரு முனையிலேயே ஒரு நாற்றம் வந்து மூக்கில் அடித்தது. கோப்பிக் கடையைத் தாண்டி, இன்னும் நெருங்க நெருங்க அதிகமாயிற்று. கடை வாசல் பலகையில் இரண்டாகப் பிளந்த டுரியான் பழம். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

“நானே பாசாருக்குப் போய், பேரம் பேசி வாங்கினேன் தம்பி. மூணு மாசம் ஆச்சே. இனிமே தின்னலாம்தானே?”

“எப்படி இருக்கு அண்ணி?”

“நாத்தம்தான். ரெண்டாவது சுளைக்கு அப்புறம் தெரியலை.”

உள்ளே பார்த்தேன். பின்னால் கொடியில் ஐந்து சேலைகள் வரிசையாகத் தொங்கின. முன்னால், ரயில் பெட்டி நாற்காலியில், தொப்பி இல்லாமல், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கால் எட்டாதவர் போலச் சங்கடமாக உட்கார்ந்திருந்தார். உதட்டோரத்தில் டுரியான் மஞ்சள் ஒட்டியிருந்தது.

அண்ணி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். அடைப்பத்திலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். அவர் திரும்பிப் பார்த்து, “முடிச்சை அவுத்துட்டு, கத்தரியைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு...” என்று ஆரம்பித்தார்.

“பேசாதீங்க. கழுத்துக்கிட்ட கத்தரி இருக்கு.”

அவர் வாயை மூடினார்.

அண்ணி பின்னால் போய் நின்றார். தொடவில்லை. கை தலைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. “மிந்தா மாப்” என்றார். நாகப்பட்டினத்து நாக்கில் அது வேறு மாதிரிக் கேட்டது. கண்ணாடியில் அண்ணன் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்தேன். தலையை மெல்ல அசைத்தார், தொடலாம் என்று.

தடித்த முடி. ஒரே வெட்டில் போகவில்லை. நான்கைந்து முறை நறுக்க வேண்டியிருந்தது. போனபிறகு அண்ணி அதைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். அண்ணன் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தடவினார். ஒருமுறை, இன்னொரு முறை. அப்புறம் கண்ணாடிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்துச் சொன்னார்:

“பின்னால காத்துப் படுது தம்பி.”